இடம் கிடைத்தால் படிக்கலாம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் தினமும் தேநீர் குடிக்கும் கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மிச்சமிருக்கிற நாற்காலிக்கும் ஆள் வந்துவிடும். கடையின் முன்னோரத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே, தெருவைப் பார்த்தபடி ஒரு மேசை உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அது என் மேசை. பட்டா, கிராண்ட் எதுவும் கிடையாது. ஆனாலும் கடைக்காரருக்குத் தெரியும், தண்ணி கலக்குகிற தம்பிக்குத் தெரியும், எதிர்க்கடையில் ஒலிபெருக்கியை அலறவிட்டுப் புடவை விற்கிறவருக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போனால், அந்த மேசையில் நாலு பேர் உட்கார்ந்து இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று லேப்டாப். இரண்டு டேப்லெட். வானவில்லுக்கே தெரியாத நிறங்களில் ஹைலைட்டர். இவ்வளவுக்கும் வாடகையாக ஒரே ஒரு தே ஓ ஐஸ் லிமாவ். ஐஸ் எப்போதோ கரைந்து, மேலே வெறும் தண்ணீர், கீழே தேநீர் என்று இரண்டு அடுக்காகப் பிரிந்துவிட்டது. அடியில் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று குப்புறக் கிடந்தது. கிளாஸ் வேர்த்து வடிந்த தண்ணீர் டுடோரியல் தாளில் வட்டமாக ஊறி மூன்றாம் கேள்வியை அழித்திருந்தது. அந்தக் கேள்வியை யாரும் தேடியதாகத் தெரியவில்லை. இதெல்லாம் போகட்டும். லேப்டாப் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சுவரோரமாக ஏறி, கல்லாவுக்கு மேலே போய், லட்சுமி படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் குத்தியிருக்கிறது. மகாலட்சுமி இருட்டில் நிற்கிறாள். சரஸ்வதிக்கு சார்ஜ் ஏறுகிறது.

நான் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, கல்லாவைத் துடைக்கிற சாக்கில், "படிக்கிற புள்ளைங்கண்ணே. ஃபைனல் வருதாம். இன்னிக்கு மட்டும் இப்படி உள்ளாற உட்காருங்களேன்" என்று கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையைக் காட்டினார். அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மீன் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவுகிற ஒவ்வொருவரும் கையை ஒருமுறை உதறாமல் போவதில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் நோக்கம் வேறு. அறிவியலும் பொறியியலும் படிக்கிற பிள்ளைகள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மாதிரி கழுத்தை நெரிக்கிற பாடத்தில் எப்படிக் கரை சேருவது என்று என் சீனியர் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று இருக்கிறது. ரொம்பச் சுலபம். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்த மேசை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

படிக்கிற பிள்ளை என்று ஒரு வீட்டில் அறிவித்துவிட்டால் அதற்குமேல் அந்த வீட்டில் சட்டம் கிடையாது. வெங்காயம் உரிக்க வேண்டாம். கேஸ் தோம்பு தூக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வர வேண்டாம். வராவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டாலும் "ஸ்டடி வீக்" என்றால் துக்க வீட்டுக்காரரே தலையாட்டுவார். வீட்டில் இருக்கிற நல்ல மின்விசிறி அவனுக்கு. முட்டை இரண்டு அவனுக்கு. பிராண்ட்ஸ் கோழிச் சாறு பாட்டில் பாட்டிலாக அவனுக்கு. வருஷம் முழுக்கச் சுத்த சைவமாக இருக்கிற பாட்டிகூட ஃபைனல் நெருங்கினால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் மூடியைத் திருகிக் கொடுப்பாள். எல்லாம் கொடுத்த பிறகு அந்தப் பிள்ளை வெளியே வந்து சொல்லும்: "வீட்ல படிக்க முடியலம்மா. இடம் சரியில்ல."

இடம். இதுதான் நோய்.

படிப்பதற்கு இடம் தேடாத இன்ஜினியரிங் மாணவனை நான் இதுவரை பார்த்ததில்லை. முதலில் தன் அறை. அங்கே கட்டில் இருக்கிறது. கட்டில் இருந்தால் தூக்கம் வரும். அடுத்து ஹால். ஹாலில் டிவி. டிவியை நிறுத்தினால் அப்பா இருக்கிறார். டிவி ஓடாத அப்பா டிவியைவிட அதிகமாகப் பேசுவார். அடுத்து சாப்பாட்டு மேசை. அது நல்ல இடம்தான், ஆனால் மூன்று வேளை சோறு வந்து குறுக்கிடும். சோறு வந்தால் நோட்டை மூட வேண்டும், மூடினால் மூடு போய்விடும். அடுத்து கூட்டாளி வீடு. கூட்டாளி வீட்டில் கூட்டாளி இருப்பான். அடுத்து நூலகம். நூலகத்தில் நாற்காலிகளில் ஆளுக்குப் பதிலாகத் தண்ணிப் போத்தலும் ஸ்வெட்டரும் உட்கார்ந்திருக்கும். போத்தலின் சொந்தக்காரர் வேறு எங்கேயோ நல்ல இடம் தேடிப் போயிருப்பார். இடம் கிடைத்துவிட்டாலோ குளிர் தாங்காது. குளிருக்குப் பயந்து விரைவு உணவுக் கடை. அங்கே பொரித்த கோழி வாசம். வாசத்துக்குப் பயந்து காப்பிக் கடை. அங்கே ஒரு கோப்பைக்குக் கொடுக்கிற காசில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், சிலர் அதைச் செய்கிறார்கள். அதற்குப் பயந்து மாமாக் கடை. அங்கே பெரிய திரையில் பந்து விளையாட்டு. இப்படி ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் என் மேசை.

பெண் யார் என்று முடிவாகாமல் கல்யாண மண்டபம் பார்க்கிற குடும்பத்துக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இடம் கிடைத்த பிறகாவது படிப்பார்களா என்றால், இடத்தை அலங்கரிக்க வேண்டும். லேப்டாப்பை உயர்த்தி வைக்க ஒரு தாங்கி, இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும். காதுக்கு ஹெட்ஃபோன், அதில் "படிக்கும்போது கேட்க வேண்டிய இசை" என்று மூன்று மணி நேர மழைச் சத்தம். பினாங்கில் வெளியே நிஜ மழை கொட்டிக்கொண்டிருக்கும். அது கேட்காமல் காதை அடைத்துக்கொண்டு உள்ளே ரெக்கார்டு செய்த மழையைக் கேட்கிறார்கள். அப்புறம் டைம்டேபிள். கலர் கலராக, அரை மணிக்கு ஒரு கட்டம். தெர்மோ ஊதா, மேத்ஸ் பச்சை, ஃப்ளூயிட் நீலம். அதைப் போட்டு முடிக்கும்போது முதல் கட்டத்துக்கான நேரம் கடந்துவிடும். ஆகவே டைம்டேபிளைத் திருத்த வேண்டும். பிறகு பாஸ்ட் இயர் கேள்வித்தாள். சுங்கை டுவா போட்டோஸ்டெட் கடையில் பத்து வருஷத்துக் கட்டை எடுத்து, ஸ்பைரல் போட்டு, அட்டை போட்டு, அட்டையில் பெயர் எழுதி, அந்த அட்டையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பி. அதற்குள் பசியாற வேண்டாமா?

நான் இன்ஜினியர். கோபம் வந்தால் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஒரு லேப்டாப் 65 வாட். மூன்று லேப்டாப் 195. நாலு மணி நேரம் என்று வைத்தால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. கடைக்காரர் கொடுக்கிற கட்டணத்தில் பெருக்கினேன். விடையைப் பார்த்ததும் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்; அவ்வளவு சொற்பமான தொகைக்காக ஒரு மனுஷன் இவ்வளவு கோபப்படக் கூடாது. ஆனால் நாற்காலிக்கு யூனிட் கணக்கு உண்டா? தெருவைப் பார்க்கிற உரிமைக்கு உண்டா?

நியாயமாகப் பார்த்தால் பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த ஊரில் பல்கலைக்கழகமே இடம் தேடித்தான் வளர்ந்தது. 1967-ல் துங்கு அப்துல் ரஹ்மான் வந்து சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டினார். கல் அங்கே நின்றது. 1969-ல் பாடம் தொடங்கியதோ புக்கிட் குளுகோரில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் இரவல் கட்டடத்தில். 1971-ல்தான் பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய மிண்டன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் வைத்த பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரும் மாறி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று ஆனது. மிண்டன் என்பது ஜெர்மனியில் 1759-ல் சண்டை நடந்த ஊர். ஜெர்மன்காரன் ஊர்ப் பெயரில் வெள்ளைக்காரன் கட்டிய முகாமில், மலாயில் லெக்சர் கேட்டு, இங்கிலீஷில் நோட்ஸ் எடுத்து, தமிழில் திட்டிக்கொண்டே வெளியே வருகிற பாக்கியம் வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைக்கும்?

இதில் இன்ஜினியரிங் பகுதியின் கதை இன்னும் பெரியது. 1986-ல் மூட்டை கட்டிக்கொண்டு ஈப்போ போனது. ஈப்போ தற்காலிக இடம். 1989-ல் அங்கிருந்து செரி இஸ்கந்தார். நிரந்தரம் என்றார்கள். 1997-ல் அந்த வளாகம் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகத்துக்கு என்று முடிவானது. 2001-ல் இவர்கள் மறுபடி மூட்டை கட்டி நிபோங் திபால் வந்து சேர்ந்தார்கள். பினாங்கு மாநிலம்தான், ஆனால் தீவில் இல்லை. பாலம் தாண்டி, தெற்கே போய், பேராக் எல்லையை எட்டிப்பார்க்கிற தூரத்தில். படிக்க நல்ல இடம் தேடி ஒரு ஃபேக்கல்ட்டியே பதினைந்து வருஷம் அலைந்திருக்கிறது. அதன் பிள்ளைகள் நாலு கடை ஏறி இறங்குவதில் என்ன ஆச்சரியம்?

பழைய பள்ளிகளும் விதிவிலக்கில்லை. 1816-ல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1928-ல் ஃபார்க்கர் தெருவை விட்டு கிரீன் லேனுக்குப் போனது. விட்டுப்போன கட்டடத்தில் பிற்காலத்தில் அருங்காட்சியகம் வைத்தார்கள். அதே கிரீன் லேனில் 2016-ல் டிஜிட்டல் லைப்ரரி ஒன்றை இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும் என்ற அறிவிப்போடு திறந்தார்கள். இனி என் மேசைக்கு ஆபத்தில்லை என்று அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் திறந்தே கிடக்கிற இடத்தில் எவனுக்குப் படிக்கத் தோன்றும்? எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றால் இப்போது எதற்குப் போக வேண்டும்?

நான் படித்தது செரி இஸ்கந்தாரில். ஈயம் தோண்டி ஓய்ந்த துரோனோ பக்கம். பழைய ஈயக்குட்டைகள், அதைத் தாண்டினால் லாலான் புல், அதைத் தாண்டினால் மறுபடியும் ஈயக்குட்டை. போக ஒரு கடையில்லை, உட்கார ஒரு கஃபே இல்லை. போக இடமில்லாததால் நாங்கள் படித்தோம் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுத முடியாது. அன்றைய என் அறைத் தோழர் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்; நாங்கள் தூங்கினோம் என்பது அவருக்குத் தெரியும்.

விடுமுறைக்குப் பினாங்கு வந்தால்தான் எனக்குப் படிக்கத் தோன்றும். உடனே இடம் தேடுவேன். ஒரு தடவை ஸ்டேட்டிக்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு கெபுன் பூங்கா போனேன். மரத்தடி, அருவிச் சத்தம், குளுகுளு காற்று. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, பக்கத்தில் கச்சான் பூத்தே பொட்டலத்தை வைத்தேன். குரங்கு ஒன்று இறங்கி வந்தது. பொட்டலத்தைத்தான் எடுக்கும் என்று அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அது நோட்டை எடுத்துக்கொண்டு மரம் ஏறிவிட்டது. மேலே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. கிழிக்கவில்லை. நான் ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்த்ததைவிட அதிக நேரம் அது அந்த நோட்டைப் பார்த்தது. அப்புறம் பிடிக்காமல் கீழே போட்டது. பாடத்தைப் பற்றி எனக்கும் அதற்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொரு செமஸ்டர் ஃபெரி. அந்தக் காலத்தில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போதுதான் காசு. தீவிலிருந்து போவதற்கு இலவசம். மேல்தட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்தால் கடல் காற்று நோட்டைத் தானாகவே புரட்டும். ஒரு டிஃப்ரென்ஷியல் ஈக்வேஷனை எடுத்து, இடது பக்கத்தை ஒழுங்குபடுத்தி, இன்டெக்ரேட் செய்யப்போகும் நேரத்தில் கரை வந்துவிடும். கான்ஸ்டன்ட் "சி" எல்லாம் பாதிக் கடலில் நின்றுபோனது. அந்தப் பழைய இரட்டைத் தட்டு ஃபெரிகளை 2020 கடைசியில் நிறுத்திவிட்டார்கள். என் பாதிக் கணக்குகள் அவற்றோடு போயின.

இந்த ஃபெரி கதையைச் சொன்னால் என் மச்சான் உடனே சர் சி. வி. ராமனை இழுப்பார். 1921-ல் ராமன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் நிழல்தான் என்று பெரியவர்கள் சொன்னதை நம்பாமல், கையிலிருந்த ஒரு சின்ன பிரிசத்தை வைத்துத் தளத்திலேயே சோதனை செய்தார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற எண்ணம் அங்கே பிடிபட்டது. 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல். "பாத்தீங்களா, அவரு கப்பல்ல படிச்சாரு" என்பார் மச்சான். ராமன் போனது இருபது நிமிஷப் பயணம் இல்லை என்று சொன்னால் கேட்கமாட்டார். அதோடு விடமாட்டார். அடுத்து ராமானுஜன். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னிதித் தெரு வீட்டுத் திண்ணை, மடியில் சிலேட்டு, காகிதம் வாங்கக் காசில்லாமல் முழங்கையால் அழித்து அழித்து எழுதியது. "அந்த மனுஷன் என்ன ஏசி போட்டா படிச்சாரு?" அப்படிப்பட்டவர் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை, கணக்கைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை என்பதை மச்சானிடம் நான் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய மகன் காதில் விழும். அவனுக்கு அதுதான் வேண்டும்.

எங்கள் வீட்டிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கி, இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி, பாஷ் என்று கம்பெனிகள் வரிசையாக வந்தபோது கம்பத்துப் பெண்கள் எல்லாரும் ஷிஃப்டுக்குப் போனார்கள். என் பெரியக்காவும் போனாள். ராத்திரி முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் ஒட்டிவிட்டு, விடிய ஃபேக்டரி பஸ்ஸில் திரும்பி வருவாள். பஸ்ஸில் வரும்போதே படித்துத்தான் அக்கா பாரம் ஐந்து பரீட்சை எழுதினாள் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு புராணம் இருக்கிறது. நானே அதை எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லி அவர்கள் முகம் தொங்குவதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்காக அக்காவுக்கு ஃபோன் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று கேட்டேன். "எங்கடா படிச்சேன்? பஸ்ஸு ஏறினதும் தூங்கிருவேன். டிரைவர் எழுப்பி விடுவாரு" என்றாள். பாஸ் பண்ணினாயே அக்கா என்றேன். "அது வேற" என்று வைத்துவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது. நல்ல கதை போயிற்று.

எங்கே விட்டேன்? ஆமாம், செவ்வாய்க்கிழமை. தொட்டி மேசையில் உட்கார்ந்து இரண்டு பேர் கை உதறலை வாங்கிக்கொண்ட பிறகு பொறுக்கமுடியாமல் எழுந்து என் மேசைக்குப் போனேன். ஒருவன் ஹெட்ஃபோனில் மழை. ஒருத்தி ஃபோனில். ஒருவன் டைம்டேபிளுக்கு ஊதா. நாலாவது பையன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயில் தண்ணீர் ஓடுகிற கணக்கு. இவனிடம் வசமாக ஒரு கேள்வி கேட்டால் போதும், வெட்கப்பட்டு எழுந்துவிடுவான் என்று நினைத்தேன்.

"என்ன தம்பி, ஃப்ளூயிட்டா?"

"ஆமா அங்கிள்."

"ரெனால்ட்ஸ் நம்பர் ரெண்டாயிரத்து முந்நூறுக்குக் கீழ வந்தா?"

"லேமினார், அங்கிள்."

"அப்ப ஃப்ரிக்ஷன் ஃபேக்டர்?"

"அறுபத்து நாலை ரெனால்ட்ஸ் நம்பரால வகுக்கணும். மூடி சார்ட் பாக்கத் தேவையில்ல" என்றான். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அழிந்துபோன மூன்றாம் கேள்வியைத் தடவிப் பார்த்தபடி சொன்னான். அப்புறம் நிமிர்ந்து, "அங்கிள் இன்ஜினியரா? அஞ்சாவது கேள்விக்கு வரீங்களா?" என்று நாற்காலியை நகர்த்தினான். என் நாற்காலியை எனக்கே கொடுக்கிறான். ஐந்தாவது கேள்வியைப் பார்த்தேன். மூன்று குழாய், இரண்டு தொட்டி, நடுவில் ஒரு பம்பு. வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுதான் எனக்கு ஆறவில்லை. அவன் திருதிருவென்று விழித்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்கமாட்டேன், மன்னித்து விட்டிருப்பேன். இரைச்சல், மீன் வாசம், எதிர்க்கடை குத்துப்பாட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் அவன் நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தான். அவன் எங்கே குடியிருக்கிறான் என்று கடைக்காரரிடம் பிறகு கேட்டேன். அடுக்குமாடி வீடு, மூன்று அறை, ஏழு பேர். சரி. அவன் உட்காரட்டும். மற்ற மூவர் எதற்கு?

சொல்லத்தான் வேண்டும் என்றால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் நம் கோயில்களுக்கு மண்டபங்கள் இருக்கின்றன. குளிர்சாதனம் உண்டு, விளக்கு உண்டு, நூற்றுக்கணக்கில் நாற்காலி உண்டு, ஒவ்வொரு தூணிலும் பிளக் பாயிண்ட் உண்டு. சனி ஞாயிறு கல்யாணம், நிச்சயதார்த்தம், பிறந்தநாள். திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டு. சில இடங்களில் டியூஷன் நடத்துகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஃபைனல் சமயத்தில் நாலு வாரம் ராத்திரி பதினொன்று வரை திறந்து வையுங்கள் என்று ஒரு கமிட்டிக் கூட்டத்தில் கேட்டேன். கரண்ட் பில் யார் கட்டுவது என்றார்கள். சுத்தம் செய்வது யார் என்றார்கள். ஆணும் பெண்ணும் ராத்திரியில் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதா என்றார் ஒருவர். அதே மண்டபத்தில் ராத்திரி ஒரு மணி வரை டிஜே வைத்துத் தன் மகள் கல்யாண விருந்து நடத்தியவர். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் தேர் வடம் பற்றிப் பேசினோம்.

இடம் போகட்டும், படிப்பு முறையைப் பற்றி விஞ்ஞானிகளே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள், தெரியுமா? 2013-ல் ஜான் டன்லோஸ்கி என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் சகாக்களும் மாணவர்கள் கையாள்கிற பத்து வழிகளை எடுத்து, எது உதவும் எது உதவாது என்று எடை போட்டார்கள். ஹைலைட்டரால் கோடு போடுவதும், வாசித்ததையே திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசை. புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசை. அருமையான வரி அது. உடனே மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போட்டு வைத்தேன். கவனித்துப் பாருங்கள், அந்தப் பத்தில் நல்ல மேசை, மின்விசிறி, மழைச் சத்தம் எதுவும் இல்லை. என் சீனியர் சொல்லிக்கொடுத்த வழியும் ஏறக்குறைய இந்த முதல் வரிசைக்குப் பக்கத்தில் வரும். வெறும் தாளை எடுத்து நடுவில் ஒரு கோடு போட வேண்டும். இடது பக்கத்தில்

இருங்கள், ஃபோன்.

என் மனைவியின் தங்காச்சி, சுங்கை பட்டாணியிலிருந்து. அவள் மகன் இரண்டாம் வருஷம் மெக்கட்ரானிக்ஸ். ஐந்து அறை பங்களா, பின்னால் தோட்டம், மாடியில் ஏசி போட்ட ஸ்டடி ரூம் என்றே ஒன்று. அங்கே அவனுக்குப் படிப்பு ஓடவில்லையாம். அமைதி அதிகமாம். "பெரியப்பா வீட்ல வந்து படிச்சா நல்லாருக்கும்னு சொல்றான் மாமா, உங்களப் பாத்தாலே அவனுக்குப் படிக்கத் தோணுதாம்." நான் பதில் சொல்வதற்குள் ஃபோன் என் மனைவி கைக்குப் போய்விட்டது. நாளைக்கு மதியம் வருகிறான். ஸ்டடி வீக் முழுக்க, அப்புறம் ஃபைனல் முடியும் வரை. டெஸ்க் லாம்பு அவனே கொண்டு வருவானாம், பெரிய உபகாரம். சாப்பாட்டு மேசையை ஜன்னல் பக்கம் திருப்ப வேண்டும். ஜன்னல் பக்கம் பிளக் பாயிண்ட் ஒன்றுதான், அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். ஃப்ரிட்ஜை நகர்த்த வேண்டும். பையன் வந்த பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து நகர்த்தலாமே என்றேன். பரீட்சை எழுதுகிற கை, சுளுக்கிக்கொண்டால் யார் பதில் சொல்வது என்றாள் மனைவி. கோடாலித் தைலத்தை எடுத்து இப்போதே ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள்.